தேள், சிலந்தி, குளவி: அஞ்சவேண்டியவையும் அழிக்கத்தகாதவையும்

காலபோக நெல் வெட்டிச் சூடடித்து முடிந்த பின்னர்க் கமக்காரரின் வளவிலே பல பொருள்கள் ஒருங்கே குவிகின்றன. வைக்கோல் மாட்டுக் கொட்டிலின் அருகே போராக எழுகின்றது. வெற்றுச் சாக்குகள் மூலையில் அடுக்கப்படுகின்றன. வேலியடைப்பதற்கு வாங்கிய கிடுகுகள் சுவரோடு சார்த்தப்படுகின்றன. விறகு, சிரட்டை, பொச்சுமட்டை, உடைந்த ஓடு, கட்டிட வேலையில் எஞ்சிய கல் ஆகியன ஆண்டுதோறும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. இவை மனிதருக்கு வெறுஞ் சாமான்கள். தேளுக்கும் பூரானுக்கும் சிலந்திக்கும் குளிர்ந்த, இருண்ட, இரை மலிந்த இருப்பிடங்கள். அடுத்த போகத்துக்கு அச்சாக்கை எடுக்கக் கைநீட்டும்போதுதான் அங்கே குடியிருப்பது யாதென்பது தெரியவருகின்றது.

இவ்வுயிர்களைக் கண்டவிடத்து மக்கள் இரு வகையாக நடந்துகொள்கின்றனர். சிலர் கண்ட அனைத்தையும் அடித்துக் கொல்கின்றனர். வயலுக்கென வாங்கிய பூச்சிகொல்லியை வீட்டு மூலைகளிலும் தெளிக்கின்றனர். வேறு சிலர் யாதொன்றையும் பொருட்படுத்தாது, தேள் கொட்டிய பிள்ளைக்கு வீட்டிலேயே கைம்மருந்து செய்து விடியும்வரை காத்திருக்கின்றனர். முதலாவது வழக்கம் பயிரின் காவலரை அழிக்கின்றது. இரண்டாவது வழக்கம் உயிரையே கொண்டுபோகக் கூடியது. எது அஞ்சத்தக்கது, எது அஞ்சத்தகாதது, எந்நிலையில் வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும் என்னும் மூன்றையும் ஒவ்வொரு கமக்காரக் குடும்பமும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

தேள் இனங்கள்

இலங்கையில் ஏறக்குறைய 20 வகைத் தேள்கள் வாழ்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை கொட்டினால் நோவும் வீக்கமும் உண்டாகுமேயன்றி உயிருக்கு ஆபத்து நேர்வதில்லை. நட்டுவக்காலி எனப்படும் கரிய பெருந்தேளைக் கண்டு மக்கள் பெரிதும் நடுங்குவர். அதன் உடல் பருத்தது, இடுக்கிகளும் தடித்தவை. ஆயினும் அதன் விஷம் வலிமை குறைந்தது. இரையைப் பெரும்பாலும் இடுக்கியாலேயே நசுக்கிக் கொல்லும் தேளுக்கு வலிய விஷம் வேண்டப்படுவதில்லை.

உண்மையில் அஞ்சவேண்டியது அதனிலும் சிறிய வேறொரு தேளாகும். அது 5 முதல் 9 சதமமீற்றர் வரை நீளமுடையது. செம்மஞ்சள் அல்லது செங்கபில நிறமானது. அதன் இடுக்கிகள் மெலிந்தவை, வாலோ தடித்தது. இந்தியாவில் நெடுங்காலமாக அறியப்பட்ட இச் செந்தேள், இலங்கையில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வாழ்கின்றது. மெலிந்த இடுக்கியும் தடித்த வாலும் உடைய தேளைக் கண்டால் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கும் கற்பித்தல் நன்று.

தேள்கள் பகலில் கல்லின் கீழும் மரப்பட்டையின் கீழும் சுவர் வெடிப்பினுள்ளும் பதுங்கியிருந்து, இருட்டியபின் கரப்பானையும் வேறு பூச்சிகளையும் தேடி வெளிவருகின்றன. உணவின்றியே பல மாதங்கள் உயிர்வாழும் வன்மை அவற்றுக்கு உண்டு. அவை முட்டையிடுவதில்லை, குட்டியீன்று, குட்டிகளைச் சில நாள்களுக்கு முதுகிற் சுமந்து திரிகின்றன. ஆகவே ஒரு கற்குவியலில் ஒரு தேளைக் கண்டால் அங்கு வேறும் இருக்கக்கூடும் எனக் கொள்ளல் வேண்டும். ஊதாக் கடந்த ஒளியைக் காலும் மின்சூளை இரவில் வளவிற் பாய்ச்சினால் தேளின் உடல் பச்சை நீலமாக ஒளிரும். அயலிலுள்ள சில குடும்பங்கள் சேர்ந்து அத்தகைய மின்சூள் ஒன்றை வாங்கிக்கொண்டால், எந்தக் குவியலில் தேள் உண்டென்பதை எளிதில் அறியலாம்.

விஷம் உடலில் என்ன செய்கின்றது?

செந்தேளின் விஷம் நரம்புகளை இடைவிடாது தூண்டுகின்றது. அதனால் உடலிலே அதிரினலின் முதலிய சுரப்புகள் அளவுமீறிப் பெருகுகின்றன. இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. இருதயம் அவ்விறுக்கத்துக்கு எதிராக வேலை செய்து களைக்கின்றது. ஈற்றில் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டுகின்றது. வியர்வை பெருகுதல், வாந்தி, உமிழ்நீர் வடிதல், கைகால் குளிர்தல், நெஞ்சு படபடத்தல் என்பன இதன் தொடக்கக் குறிகள். நுரை கலந்த சளியோடு இருமல் தோன்றுதல் நிலைமை முற்றியதன் குறி. விஷத்தின் அளவு ஒன்றேயாயினும் சிறு உடலில் அது செறிந்து நிற்பதால், பெரியோரிலும் பார்க்கச் சிறு பிள்ளைகளுக்கே ஆபத்து மிகுதி.

இங்கே ஒன்றை அறிந்துகொள்ளுதல் வேண்டும். நோவின் அளவைக் கொண்டு விஷத்தின் அளவை மதிப்பிடுதல் கூடாது. கடுநோவால் துடிப்பவர் சில மணி நேரத்திற் குணமடைதல் உண்டு. நோவு அதிகம் இல்லாதவர், வியர்த்துக் குளிர்ந்து, இருதயம் தளர்ந்து ஆபத்தான நிலையை அடைதலும் உண்டு. ஆகையால் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டது என்பதொன்றைக் கொண்டு ஆறுதலடைதல் தவறாகும்.

இதற்கு மருந்து இல்லையென எண்ணவேண்டியதில்லை. இந்தியாவின் மகாராட்டிர மாநிலத்திலே மகாட் என்னும் சிற்றூரிற் பணியாற்றிய வைத்தியர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், உயர் இரத்த அழுத்தத்துக்கு வழங்கப்பட்ட பிராசோசின் என்னும் குளிசை இறுகிய இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் என்பதைக் கருதி, அதனைத் தேள் கொட்டியோருக்குக் கொடுத்துப் பயன்கண்டார். தாம் கண்டதை 1986ஆம் ஆண்டில் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டார். அதற்கு முன்னர் அப்பகுதியிற் கடுமையாகப் பாதிக்கப்பட்டோருள் நூற்றுக்கு 30 பேர் வரை இறந்தனர். பின்னர் அத்தொகை மிகச் சிலராகக் குறைந்தது. ஆனால் இம்மருந்தை வீட்டில் வைத்துக் கொடுத்தல் ஆகாது. அளவும் நேரமும் வைத்தியரின் கண்காணிப்பில் அமைதல் வேண்டும். நோயாளி காலந்தாழ்த்தி வருவாராயின் எம்மருந்தும் முழுப்பயன் தருவதில்லை. பாம்புக்கடிக்கு ஏற்றும் எதிர்விஷ மருந்து தேள்விஷத்தை முறிப்பதில்லை என்பதும் அறியத்தக்கது.

தேள் கொட்டியவுடன் செய்யவேண்டியவை

கொட்டப்பட்டவரை அச்சந் தீர்த்து அமைதியாக இருத்துதல் வேண்டும். கொட்டிய இடத்தைச் சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவி, துணியிற் சுற்றிய பனிக்கட்டியையோ குளிர்ந்த நீரில் நனைத்த துணியையோ அதன்மேல் வைத்தால் நோவு தணியும். மோதிரம், காப்பு முதலியவற்றை வீக்கம் தோன்றுமுன் கழற்றிவிடுதல் வேண்டும். பின்னர் வைத்தியசாலைக்குப் புறப்படுதல் வேண்டும். சிறு பிள்ளை, முதியவர், இருதய நோயாளர் ஆகியோரைக் கொட்டியிருந்தால் குறிகள் தோன்றும்வரை காத்திராது உடனே கொண்டுசெல்லல் வேண்டும். வாகனம் இல்லாதவிடத்து, 2016ஆம் ஆண்டிற் தொடங்கப்பட்ட ‘சுவசெரிய’ இலவச நோயாளர் வண்டியை 1990 என்னும் தொலைபேசி இலக்கத்தில் அழைக்கலாம்.

கொட்டிய இடத்தைக் கத்தியாற் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், கயிற்றால் இறுகக் கட்டுதல், தீயாற் சுடுதல், மண்ணெண்ணெய் அல்லது அமிலம் பூசுதல் ஆகிய யாவும் தீங்கு விளைப்பவை. இறுகக் கட்டிய கட்டு விஷத்தைத் தடுப்பதில்லை. இரத்தவோட்டத்தைத் தடுத்து உறுப்பைக் கெடுக்கும். கொட்டிய தேளைக் கண்டிருந்தால் கைத்தொலைபேசியாற் படமெடுத்து வைத்தியரிடம் காட்டுதல் பயனுடையது. அதனைப் பிடிப்பதற்கு முயன்று மற்றொருவர் கொட்டுவாங்குதல் ஆகாது.

இருளில் ஏதோ கடித்தது. கடித்தது யாதென்று காணப்படவில்லை. இத்தகைய வேளையில் தேள் அல்லது பூரான் என்று கொண்டு படுத்துவிடுதல் பெரும் பிழையாகும். எட்டடி விரியன் எனப்படும் பாம்பு, இரவிலே தரையிற் பாய் விரித்துத் துயில்வோரைத் தீண்டுவது. அதன் கடியில் நோவும் வீக்கமும் மிகக் குறைவு. எறும்பு கடித்ததென எண்ணித் துயின்றவர் விடியற்காலையில் கண்ணிமை சோர்ந்து, பேச்சுக் குழறி, மூச்சடங்கும் நிலையிற் காணப்படுவதுண்டு. ஆகவே இரவில் நேர்ந்த, காணப்படாத கடி ஒவ்வொன்றையும் பாம்புக்கடியெனவே கருதி வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். ஒன்றுமில்லையென்று வைத்தியர் கூறித் திருப்பியனுப்பினால் இழப்பு ஒரு பயணமே.

வீட்டுச் சிலந்தி

சிலந்திகளுள் இலங்கையில் 500க்கு மேற்பட்ட வகைகள் பதியப்பட்டுள்ளன. அவற்றுள் மனிதரின் தோலைத் துளைத்து நோவு உண்டாக்கக் கூடியவை மிகச் சிலவே. சுவரில் ஓடும் நீண்ட காலுடைய சிலந்தியும், மூலையில் வலை பின்னும் சிறு சிலந்தியும், சன்னலில் ஈயைப் பாய்ந்து பிடிக்கும் குறுஞ் சிலந்தியும் நுளம்பையும் ஈயையும் கரப்பானையும் உண்பவை. தோலில் தோன்றும் கொப்புளங்கள் பலவற்றைச் சிலந்தி கடித்ததென மக்கள் கூறுவர். அவற்றுட் பல வேறு காரணத்தால் வந்தவை.

விலக்கிவைக்க வேண்டியது புலிமுகச் சிலந்தி எனப்படும் பெரிய மயிருடைய சிலந்தியாகும். இது பழைய மரங்களின் பொந்திலே வாழ்வது. மரங்கள் தறிக்கப்பட்டவிடத்துப் பழைய கட்டிடங்களிலும் புகுவது. வடபகுதியிலே மாங்குளத்தை அண்டிய இடங்களில், கால் விரிவு 20 சதமமீற்றர் வரை உள்ள ஒரு வகை கண்டறியப்பட்டு, 2012ஆம் ஆண்டின் இறுதியில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அவ்வூர் வைத்தியசாலையின் பழைய விடுதியிலும் அது காணப்பட்டது. ஆய்வாளருக்கு வழித்துணையாய் நின்ற பொலிசு உத்தியோகத்தர் ஒருவரின் பெயர் அதற்கு இடப்பட்டது. இவ்வகைச் சிலந்தி கடித்தால் கடுநோவும் வீக்கமும் தசைப்பிடிப்பும் உண்டாகும். தசைப்பிடிப்புப் பல நாள் நீடித்தலும் உண்டு. பெரும்பாலும் உயிராபத்து நேர்வதில்லை. எனினும் வைத்தியரைக் காணுதல் வேண்டும். இச்சிலந்தி மனிதரைத் தேடிவந்து கடிப்பதன்று, நெருக்கப்பட்டபோதே கடிக்கும். வீட்டினுள் வந்தால் அகன்ற வாயுடைய பாத்திரத்தால் மூடி, அடியிலே தடித்த மட்டையைச் செருகி, தூரத்தே மரமடர்ந்த இடத்தில் விட்டுவிடலாம்.

வயலிற் காவல் நிற்கும் சிலந்தி

வீட்டிலே சிலந்தியைக் கண்டு அஞ்சும் பழக்கம் வயலுக்கும் செல்லுமாயின் அதனால் நேரும் நட்டம் பெரிது. நெற்பயிரின் அடித்தண்டிலே வலை பின்னாது ஓடித்திரியும் சிலந்தி ஒன்றுண்டு. அதன் முதுகிலே முட்கரண்டி போன்ற குறி காணப்படும். ஓநாய்ச் சிலந்தி எனப்படும் இது, நாளொன்றுக்கு 5 முதல் 15 வரையான இரைகளைப் பிடித்து உண்ணும். அறக்கொட்டி என வழங்கும் கபிலத் தத்தியும் அவ்விரைகளுள் ஒன்று. பெண் சிலந்தி மூன்று நான்கு மாதம் உயிர்வாழ்ந்து 200 முதல் 400 வரை முட்டையிடும். குஞ்சுகள் 60 முதல் 80 வரை தாயின் முதுகில் ஏறித் திரியும். வயலில் நீர் பாய்ச்சி உழுத சின்னாளிலேயே வரம்பிலிருந்து இறங்கி வந்து குடியேறுவது இச்சிலந்தி.

பூச்சிகொல்லி தெளிக்கும்போது நிகழ்வது யாதென்பதைக் கமக்காரர் எண்ணிப்பார்த்தல் வேண்டும். தத்தி தன் முட்டைகளை இலையுறையின் திசுவினுள்ளே இடுகின்றது. அங்கே மருந்து எளிதிற் சென்று சேர்வதில்லை. சிலந்தியோ இலையின் மேலும் நீரின் மேலும் ஓடித்திரிவதால் மருந்து பட்டு மடிகின்றது. சில நாளில் முட்டைகள் பொரிக்கும்போது, உண்பதற்குச் சிலந்தி இல்லாத வயலில் தத்தி தங்குதடையின்றிப் பெருகுகின்றது. இதனைக் கண்டறிந்தமையாலேயே இந்தோனேசிய அரசாங்கம் 1986ஆம் ஆண்டில் 57 வகைப் பூச்சிகொல்லிகளை நெல்லுக்குத் தெளிக்கலாகாதெனத் தடைசெய்தது. வியற்நாமிலே மேக்கொங் கழிமுகத்துக் கமக்காரர், விதைத்த முதல் 40 நாள்களில் இலையுண்ணும் புழுவுக்கென மருந்து தெளிக்கவேண்டாமென 1994ஆம் ஆண்டு முதல் அறிவுறுத்தப்பட்டனர்.

ஆகவே அதிகாலையில் வயலுக்குச் செல்லும்போது, பனித்துளி படிந்த வலைகள் நெற்கதிரிடையே மின்னுவதைக் கண்டால் அதனை நன்னிலையின் அடையாளமெனக் கொள்ளல் வேண்டும். தத்தியையும் சிலந்தியையும் எண்ணிப்பார்த்து, விவசாயப் போதனாசிரியரைக் கலந்து, அவசியமான இடத்துக்கு அவசியமான மருந்தை மாத்திரம் தெளித்தல் சிறந்தது.

குளவியும் தேனீயும்

குளவிகள் எல்லாம் ஒரு தன்மையனவல்ல. சுவரிலே மண்கூடு கட்டும் குளவி தனித்து வாழ்வது. தன் கூட்டைக் காக்க மனிதர்மீது பாய்வதில்லை. அது சிலந்தியையோ புழுவையோ செயலிழக்கச் செய்து கூட்டினுள் அடைத்துக் குஞ்சுக்கு உணவாக்குகின்றது. அதனை விட்டுவிடலாம். கரிய உடலும் வயிற்றிலே செம்மஞ்சட் பட்டையும் உடைய பெருங்குளவியோ கூட்டமாக வாழ்வது. மரக்கிளையிலும் புதரிலும் வீட்டுத் தாழ்வாரத்திலும் காகிதம் போன்ற பொருளாற் பெருங்கூடு அமைப்பது. அக்கூடு அசைக்கப்பட்டால் கூட்டமாக வெளிவந்து கொட்டும். இதன் கொட்டினால் இலங்கையில் உயிரிழந்தோர் உளர்.

மலைத்தேனீ என்னும் பெருந்தேனீயும் அத்தகையதே. உயர்ந்த மரக்கிளையிலும் பாறையிலும் நீர்த்தாங்கியிலும் ஒரே வதையாகத் தொங்கும் அதன் கூட்டைத் தேன்பருந்து தாக்கும்போது, கீழே வேலைசெய்வோர் மேற் கூட்டம் முழுவதும் பாய்தல் உண்டு. ஆகையால் இத்தகைய வதை தொங்கும் மரத்தின் கீழே உழவியந்திரத்தை நிறுத்துதலும் குப்பை எரித்துப் புகை எழுப்புதலும் தவிர்க்கப்படுதல் வேண்டும்.

கூட்டம் பாய்ந்தால் நின்று கைவீசுதல் ஆகாது. முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு நேரே ஓடி, கதவடைக்கக் கூடிய வீட்டினுள்ளோ வாகனத்தினுள்ளோ புகுதல் வேண்டும். குளத்திற் குதித்தல் பயனற்றது. தேனீ மேலே காத்துநிற்கும், மூச்செடுக்க எழும்போது மீண்டும் கொட்டும். நசுங்கிய தேனீயிலிருந்தும் தோலில் தைத்த கொடுக்கிலிருந்தும் எழும் மணம் ஏனைய தேனீக்களையும் அவ்விடத்துக்கு அழைக்கின்றது.

தேனீ கொட்டினால் கொடுக்குத் தோலிலே தங்கிவிடும். அதனோடு இணைந்த விஷப்பை சற்று நேரம் விஷத்தை உட்செலுத்திக்கொண்டேயிருக்கும். ஆதலால் நகத்தாலோ வேறெதனாலோ, எவ்வகையாயினும், கொடுக்கைத் தாமதமின்றி நீக்குதலே முதன்மையானது. குளவி கொடுக்கை விட்டுச் செல்வதில்லை. ஒன்றே பலமுறை கொட்டவல்லது.

ஒன்றிரண்டு கொட்டுக்கு, கழுவிக் குளிர்ந்த துணி வைத்தல் போதுமானது. ஆனால் இரு நிலைகளில் உடனே வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். ஒன்று, கொட்டிய சில நிமிடங்களிலே உடலெங்கும் தடிப்பு எழுதல், உதடும் முகமும் வீங்குதல், மூச்சுத் திணறுதல், தலைசுற்றி மயங்குதல். இது ஒவ்வாமையால் வருவது. ஒரே கொட்டினாலும் வரலாம். இதற்கு அதிரினலின் ஊசி உயிர்காக்கும் மருந்து. அதுவரை அவரை நடக்கவிடாது, கால் உயர்த்திக் கிடத்தி வைத்தல் வேண்டும். மூச்சுத் திணறுவோர் இருந்தபடியே இருக்கலாம். முன்னொருமுறை இவ்வாறு நேர்ந்தவருக்கு அடுத்த கொட்டு மேலும் ஆபத்தாகக்கூடும். மற்றொன்று, பல கொட்டுகள் பட்ட நிலை. அன்று நலமாகத் தோன்றினும் பின்னர்த் தசையும் சிறுநீரகமும் பழுதடைதல் உண்டு. சிறுநீர் கருஞ்சிவப்பாதல் அதன் குறி.

கூட்டை அகற்றும் வேலையைத் தாமே செய்யப் புகுந்து, மண்ணெண்ணெய்ப் பந்தத்தோடு ஏணியில் ஏறியோர் கொட்டுவாங்கி வீழ்ந்ததும், கூரை தீப்பற்றியதும் கிராமங்களிற் கேள்விப்படும் செய்திகளே. வீட்டுக்கு அண்மையிற் கூடிருந்தால் பிள்ளைகளை அப்புறம் செல்லாது தடுத்து, தேர்ச்சியுள்ளவரைக் கொண்டு அகற்றுவித்தல் வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத இடத்துக் கூடாயின் விட்டுவிடலாம். குளவி தன் குஞ்சுக்குக் கொண்டுசெல்வது பெரும்பாலும் பயிரை உண்ணும் புழுக்களையே.

தேனீயின் பயன் மரக்கறிச் செய்கையாளருக்குக் கூறாமலே தெரியும். பூசணி, வெள்ளரி, பாகல் ஆகிய கொடிகளில் ஆண் பூவும் பெண் பூவும் வெவ்வேறாகப் பூக்கின்றன. தேனீ வாராத தோட்டத்திலே பிஞ்சு மஞ்சளித்து உதிரும். பூச்சிகொல்லி தெளித்தே ஆகவேண்டுமாயின், தேனீ பூவை நாடும் காலை வேளையைத் தவிர்த்து, மாலையில் தெளித்தல் வேண்டும்.

விளக்கைத் தேடிவரும் வண்டும் பிறவும்

மாரி முடியும் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் வயலை அண்டிய வீடுகளின் விளக்கொளிக்கு ஒரு சிறு வண்டு வருகின்றது. நீளம் ஒரு சதமமீற்றரிலும் குறைவு. எறும்பை ஒத்த தோற்றம். கறுப்பும் செம்மஞ்சளும் மாறிமாறி அமைந்த உடல். ஓடும்போது வாற்பக்கத்தை உயர்த்தும். இது கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. ஆனால் தோலின்மேல் இதனை நசுக்கிவிட்டால் அதன் உடற்சாறு பட்ட இடம் ஒன்றிரண்டு நாளில் தீச்சுட்டதுபோலச் சிவந்து கொப்புளிக்கும். சாறு பட்ட கையாற் கண்ணைக் கசக்கினால் கண் கடுமையாக வீங்கும். காலையில் எழுந்து, கழுத்திலே கோடிட்டாற்போன்ற புண்ணைக் கண்டு சிலந்தி ஊர்ந்ததென்று கூறுவோர் பலர். உண்மைக் காரணம் பெரும்பாலும் இவ்வண்டே. மேலே அமர்ந்தால் நசுக்காது ஊதிவிடுதல் வேண்டும். நசுங்கிவிட்டால் சவர்க்காரமிட்டு உடனே கழுவுதல் வேண்டும். படுக்குமுன் விளக்கை அணைத்து, நுளம்பு வலையைப் பாயின் கீழே செருகிக்கொள்ளுதல் நன்று. இதே வண்டு வயலிலே தத்தியை உண்ணும் நண்பனுமாகும்.

முருங்கையிலே திரளாகக் காணப்படும் மயிர்க்கொட்டியின் மயிர் தோலிற் பட்டால் அரிப்பும் தடிப்பும் உண்டாகும். பட்ட இடத்தைத் தேய்த்தல் ஆகாது. ஒட்டும் நாடாவை அழுத்தி எடுத்து மயிரை நீக்கிய பின்னர்க் கழுவுதல் வேண்டும். பூரானின் கடி கடுநோவு தருவது. சூடு பொறுக்கத்தக்க வெந்நீரில் உறுப்பை அமிழ்த்தி வைத்தால் நோவு தணிதல் உண்டு.

வளவை ஒழுங்குசெய்தல்

மேற்கூறிய யாவற்றினும் எளியதும் செலவற்றதுமான காவல் வளவின் ஒழுங்கேயாம். விறகையும் கல்லையும் கிடுகையும் வீட்டுச் சுவரோடு சார்த்தாது தூரத்தே, தரையினின்று உயர்த்திய மேடையில் அடுக்குதல் வேண்டும். சுவரின் வெடிப்பையும் கதவின் கீழ் இடைவெளியையும் அடைத்தல் வேண்டும். கரப்பான் பெருகாதபடி குசினியைத் துப்புரவாக வைத்திருந்தால் தேளுக்கு இரை குறையும். வளவில் மேயும் கோழிகளும் தேளையும் பூரானையும் கொத்தித் தின்பவை.

சாக்கையும் வைக்கோலையும் எடுக்குமுன் தடியாலோ மண்வெட்டிப் பிடியாலோ தட்டிப்பார்த்தல் வேண்டும். கல்லைப் புரட்டும்போது தன் பக்கமாகப் புரட்டினால், கல் கேடயமாக நின்று, கீழே உள்ளது எதிர்ப்புறமாக ஓடும். சப்பாத்தையும் கொடியிற் காயும் உடையையும் உதறிய பின்னரே அணிதல் வேண்டும். இரவிலே கிணற்றடிக்குச் செல்வோர் செருப்பணிந்து மின்சூள் கொண்டு செல்லல் வேண்டும். தரையிற் படுப்பதைத் தவிர்த்து, சுவரிலிருந்து விலக்கிய கட்டிலில் வலைகட்டிப் படுத்தல் தேளுக்கும் பூரானுக்கும் எட்டடி விரியனுக்கும் ஒருங்கே காவலாகும். வயலுக்கென ஆக்கப்பட்ட பூச்சிகொல்லியை வீட்டினுள்ளே தெளித்தல் ஒருபோதும் ஆகாது. தேள் வெடிப்பினுட் பதுங்கிக்கொள்ளும். நஞ்சோ பிள்ளை தவழும் தரையில் எஞ்சும்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. மெலிந்த இடுக்கியும் தடித்த வாலும் உடைய செந்தேளுக்கு அஞ்சுக. சிறு பிள்ளையைத் தேள் கொட்டினால் குறிகளுக்குக் காத்திராது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க.

2. வியர்வை, வாந்தி, கைகால் குளிர்தல், மூச்சுத் திணறல் ஆகியன ஆபத்தின் குறிகள்.

3. கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல், சுடுதல் ஆகியவற்றை ஒழிக்க.

4. இரவில் நேர்ந்த, காணப்படாத கடியைப் பாம்புக்கடியெனவே கருதுக.

5. தேனீயின் கொடுக்கை உடனே நீக்குக. முகவீக்கமோ மூச்சுத் திணறலோ மயக்கமோ தோன்றினும், பல கொட்டுகள் பட்டாலும் தாமதியாது வைத்தியசாலைக்கு விரைக.

6. வயற்சிலந்தியையும் தேனீயையும் காக்க. அவை கூலி பெறாது பயிரைக் காப்பவை.

7. போகம் முடிந்தவுடன் ஒரு நாளை ஒதுக்கி, குடும்பத்தார் அனைவரும் சேர்ந்து வளவிலுள்ள குவியல்களை அகற்றுக.

அறுவடையின் பின் செலவிடும் அவ்வொரு நாள், அடுத்த போகத்துக்குச் சாக்கெடுக்கும் கையையும் முற்றத்தில் விளையாடும் பிள்ளையையும் ஆண்டு முழுவதும் காக்கும்.